வட்டுக்குள் ஈயம்

பட்டறையில் அவளை எல்லோரும் "நாலாவது" என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், வீட்டில் நாலாவதாகப் பிறந்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக "நாலாவது அக்கா" என்பார்கள். கொஞ்ச நாளில் மேஸ்திரியே அவர்களை ஓரமாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொல்லிவிடுவார். சொல்லி முடித்ததும் எல்லோரும் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை முதுகில் விழுவது அவளுக்குத் தெரியும். தலையைத் தூக்க மாட்டாள்.

விஷயம் இதுதான். அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது மின்சாரக் கம்பெனிக்காரர்கள் பெண்கள் அணிக்கு வட்டு எறிகிற ஆள் தேடினார்கள். முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை, தங்குவதற்கு வீடு. அவள் நாலாவதாக வந்தாள். மூன்றாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். யாரும் சதி செய்யவில்லை, காற்று எதிர்த்து அடிக்கவில்லை, உடம்புக்கும் ஒன்றும் வரவில்லை. அவளால் முடிந்தது அவ்வளவுதான். பழி போட ஒரு ஆள் கிடைத்திருந்தாலாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

அப்பா போய்ச் சேர்ந்த வீடு. அம்மா ஒரு ஆபீஸில் மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த பலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் விளையாட்டுச் சாமான் செய்கிற பட்டறையில் சேர்ந்தாள். மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எறிஞ்சு பாத்தாச்சு, சரிப்படல. இனிமே எறியுறவங்களுக்குச் செஞ்சு குடு" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெயரும் அன்றைக்கே வைத்துவிட்டார்.

அவள் வேலை வட்டு எடை பார்ப்பது. வட்டு என்றால் பார்க்க இரண்டு தட்டைக் கவிழ்த்து ஒட்டியது மாதிரி இருக்கும். நடுவில் மரம். சுற்றி இரும்பு வளையம். இரண்டு பக்கமும் நடுவில் வட்டமாக ஒரு தகடு, அதைத் திருகு போட்டு முடுக்கியிருப்பார்கள். பெண்கள் எறிகிற வட்டு ஒரு கிலோ இருக்க வேண்டும். ஆனால் மரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்குமா? ஒன்று காய்ந்திருக்கும், ஒன்று ஈரம் குடித்திருக்கும். அதனால் தகட்டுக்கு அடியில் ஒரு குழி விட்டிருப்பார்கள். எடை குறைந்தால் தகட்டைக் கழற்றி, குழியில் சின்னச் சின்ன ஈயத் துண்டுகளைப் போட்டு, மேலே பிசின் ஊற்றி மூடி, மறுபடி தராசில் வைக்க வேண்டும்.

"ஒரு பொட்டு கூடலாம். ஒரு பொட்டுகூடக் குறையக் கூடாது. கூடினா எவனும் கேக்க மாட்டான், குறைஞ்சா திருப்பி அனுப்பிடுவான்" என்பது மேஸ்திரியின் சட்டம். அவள் பதினோரு வருஷம் அந்தச் சட்டப்படி உட்கார்ந்திருந்தாள். தராசில் வைப்பதற்கு முன்பே எவ்வளவு குறைகிறது என்று கை சொல்லிவிடும்.

மேஸ்திரிக்கு வாய் சும்மா இருக்காது. மத்தியானம் சாப்பிட்ட கையோடு கதை ஆரம்பித்துவிடுவார். "அந்தக் காலத்துல கல்லுல, வெண்கலத்துல எல்லாம் வட்டு செஞ்சு எறிஞ்சிருக்கானுங்க தெரியுமா? ஒரு ராஜாவுக்கு, உன் பேரன் கையாலதான் உனக்குச் சாவுன்னு எவனோ குறி சொல்லிட்டான். ராஜா பயந்து ஊரை விட்டே ஓடிட்டான். ஓடுனவன் சும்மா கிடக்காம, எங்கயோ விளையாட்டு நடக்குதுன்னு வேடிக்கை பாக்கப் போனான். பேரன் எறிஞ்ச வட்டு நேரா வந்து இவன் மேலதான் விழுந்துச்சு. ஆள் காலி."

"பேரன் வேணும்னே எறிஞ்சானா மேஸ்திரி?" என்று மரம் கடைகிற கடைசல்காரன் கேட்பான்.

"அவனுக்கு என்ன தெரியும் பாவம். கூட்டத்துல தாத்தா உக்காந்திருக்கான்னு கனவா கண்டான்? சொந்தக்காரன் கையில எது இருந்தாலும் தள்ளியே நிக்கணும்டா. சாமி கையில இருந்தா அது சக்கரம், எறிஞ்சா திரும்பி வரும். நம்ம நாலாவது கையில இருந்தா வெறும் தட்டு. இவதான் போய்ப் பொறுக்கிட்டு வரணும்."

மறுபடி சிரிப்பு. அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் இன்னும் சொல்வார்கள்.

கல்யாணப் பேச்சும் இரண்டு மூன்று தடவை வந்தது. ஒரு மாப்பிள்ளையின் அத்தை, அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டியபோது கையைப் பார்த்துவிட்டு, "எங்க பையன் ஒல்லி. ஒரு அடி விழுந்தா எந்திரிக்க மாட்டான்" என்று வாய் கூசாமல் சொன்னாள். அம்மா அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் படி இறங்கிப் போனதும் மகளிடம், "கையை முந்தானைக்குள்ள வச்சுக்கோன்னு சொன்னேனே, கேட்டியா?" என்றாள்.

வீடு ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. எந்நேரமும் ரப்பர் வாடை. கடைக்குப் பின்னால் ஒரு பொட்டல், பழைய டயர்களைக் குவித்துப் போட்ட இடம் போக மீதி காலியாகக் கிடக்கும். வளையம் நசுங்கியதால் கழித்துப்போட்ட வட்டு ஒன்றை அவள் பட்டறையிலிருந்து கொண்டுவந்து, காற்றில் அடித்துக்கொள்கிற கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். அதை ஒருநாள் தங்கை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

தங்கை பன்னிரண்டு வயது இளையவள். வீட்டில் அவளைக் "குச்சி" என்பார்கள். கழுத்தும் கையும் காலும் நீள நீளமாக இருக்கும், சதை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. சிரித்தால் மட்டும் பல் முளைக்காத பிள்ளை சிரிக்கிற மாதிரி முகம் முழுக்கச் சிரிப்பாள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் சேர்த்துவிடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே வேலை செய்கிற பெண்களின் கையைக் குச்சி பார்த்திருக்கிறாள். மருந்துத் தண்ணீரில் வெந்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். "அங்க மட்டும் வேணாம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அக்கா மாடி ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே குச்சி பொழுது போகாமல் ஒரு சுற்றுச் சுற்றி வட்டை விட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. வட்டு அவள் விரலை விட்டுக் கிளம்பியபோது ஆடவில்லை, படபடக்கவில்லை. தண்ணீர் மேல் போவதைப் போல வழுக்கிக்கொண்டு போனது. நாலாவதுக்கு மூன்று வருஷம் பிடித்த காரியம் அது.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினாள். மறுநாளே தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் கொடுத்தாள். எப்படிச் சுற்றுவது, எப்போது விடுவது, எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். "எறிஞ்சதும் முன்னாடி ஓடிடாத. வட்டு தரையில விழுற வரைக்கும் வட்டத்துக்குள்ளயே நிக்கணும். விழுந்தப்புறம் பின்பக்கமா வெளிய வரணும். இல்லன்னா நீ எறிஞ்சதே கணக்கில்ல" என்று சட்டமும் சொன்னாள். அந்தக் காலத்தில் தான் எறிந்த தூரத்தை அளந்து, அந்த இடத்தில் ஒரு இரும்பு முளை அடித்து வைத்தாள். "இதுதான் நான். இதுக்கிட்ட வந்தாலே போதும், பெரிய விஷயம்."

மழைக்காலம் ஒன்று போனது. ஒரு சாயங்காலம் வட்டு முளைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

குச்சி ஓடிப்போய்ப் பார்த்தாள். "அக்கா, உன்னைத் தாண்டிட்டேன்" என்று கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். அதில் கெட்ட எண்ணம் துளி கிடையாது. மாடி ஏறி அம்மாவிடமும் சொன்னாள்.

அம்மா முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்காமல், "உங்கக்கா தின்ன சோத்துக்கு உருளை உருளையாக் கைதான் வந்துச்சு. நீ தின்னதுக்காவது பலன் இருக்கே" என்றாள்.

அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றி முடித்து, கால் கழுவி, உள்ளே வந்து, எல்லோருக்கும் சாப்பாடு எடுத்து வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "வட்டுல வளையம் லேசா ஆடுது. நாளைக்குப் பட்டறைக்குக் கொண்டுபோய் முடுக்கிட்டு வரேன்."

மறுநாள் மத்தியானம் மேஸ்திரியும் மற்றவர்களும் சாப்பிடப் போன நேரத்தில் தகட்டைக் கழற்றினாள். ஒரே ஒரு ஈயத் துண்டு. நகத்தளவு. குழியில் போட்டுப் பிசின் ஊற்றி மூடினாள். தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. கூடினால் எவனும் கேட்க மாட்டான் என்பது பட்டறைச் சட்டம்தானே. தவிர, கனமாக எறிந்தால் கைக்குப் பலம்தானே வரும். இப்படி நெஞ்சுக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான்.

அதற்கப்புறம் அடிக்கடி வளையம் ஆடியது. அடிக்கடி வட்டு பட்டறைக்குப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் நகத்தளவு. மாதக்கணக்கில் இது நடந்தது.

கைக்குழந்தைக்கு நாளுக்கு நாள் எடை கூடுவது தூக்கிச் சுமக்கிற தாய்க்குத் தெரியாது. பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வருகிறவர்கள் தூக்கிப் பார்த்துத்தான் "என்ன இந்தக் கனம் கனக்குறா" என்பார்கள். அந்த மாதிரிதான் ஆனது. குச்சி தொட்ட வட்டு அது ஒன்றுதான். வேறு வட்டைத் தூக்கிப் பார்த்தவள் இல்லை. அவள் கை வளர வளர வட்டும் வளர்ந்தது. அதனால் அது விழுகிற இடம் மட்டும் மாறவே இல்லை. முளைக்கு இந்தப் பக்கம், எப்போதும் ஒரு சாண் குறைவாக.

"என்னக்கா இது? அன்னிக்குத் தாண்டுச்சே."

"அன்னிக்குக் காத்து. காத்து எறிஞ்சதை நீ எறிஞ்சதா நெனச்சுக்காத."

"தினமும் எறியுறேன். தோள்பட்டை கழண்டு விழுற மாதிரி வலிக்குது. ஒரு விரல்கடைகூட நகரலையே."

"எல்லாருக்கும் ஒரு எல்லை இருக்குடி. எனக்கு அந்த முளை. உனக்கு அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அவ்வளவுதான்."

வட்டு விழுந்த இடத்தைக் குச்சி போய்ப் போய்ப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து அழுதாள். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் சந்தேகம் வந்துவிடும் என்று நாலாவது பயந்தாள். "விழுறதைப் பாக்காத. பாத்தா மனசும் கூடவே விழுந்துடும். எறி, திரும்பு, வெளிய போ. எங்க விழுந்துச்சுன்னு நான் சொல்லுறேன்" என்றாள். அப்படியே பழக்கினாள். குச்சி எறிவாள், திரும்புவாள். கனத்த வட்டு அதிக நேரம் காற்றில் நிற்காது. அவள் திரும்பி ஒரு அடி வைப்பதற்குள் பின்னால் 'தொப்' என்று விழுந்துவிடும். கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பதையே விட்டுவிட்டாள். எறிந்ததும் கால் தானாகத் திரும்பி வெளியே நடந்தது.

அந்த வருஷம் மின்சாரக் கம்பெனி மறுபடி ஆள் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. அதே மாதிரி, முதல் மூன்று பேர். அம்மாவுக்கு மூச்சு வந்தது. "வேலை கிடைச்சா வீடு கிடைக்கும். இந்த ரப்பர் நாத்தத்துல இருந்து தப்பிச்சுடலாம். கிடைக்கலன்னா திங்கக்கிழமையே துணி வெளுக்கப் போயிடணும், சொல்லிட்டேன்" என்று குச்சியிடம் கறாராகச் சொன்னாள்.

குச்சி அக்காவைப் பார்த்தாள். "போகட்டுமா?"

"போய்ட்டு வா. ஆசையாவது தீரும்" என்றாள் நாலாவது.

தேர்வுக்கு முந்தின வாரம் கிணற்றடியில் குச்சி தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா முதுகு தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது கை நின்றது. குச்சிக்குத் தோளில் கட்டி கட்டியாகச் சதை ஏறியிருந்தது. மேல்கை கயிறு முறுக்கினாற்போல் இருந்தது. நகத்தளவு நகத்தளவாகத் தான் ஊட்டி வளர்த்தது எதை என்று அப்போதுதான் உறைத்தது. குட்டையாக்க நினைத்து உரம் போட்டிருக்கிறாள். இந்தக் கையில் சரியான எடை வட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்?

"ஏன்க்கா நிறுத்திட்ட?"

"சோப்பு கண்ணுல பட்டுடுச்சு."

ஈயத்தை எடுத்துவிட இன்னும் நாள் இருந்தது. எடுத்தால் குச்சிக்குத் தெரிந்துவிடும். எடுக்கவில்லை.

மைதானத்தில் அன்றைக்கு லேசான தூறல். மூன்று பக்கமும் வலை கட்டி நடுவில் சிமெண்டு வட்டம். வேடிக்கை பார்க்க அதிகம் பேர் இல்லை, எறிய வந்தவர்களின் வீட்டு ஆட்கள்தான். வட்டைக் கம்பெனியே கொடுத்தது. எடை பார்த்து முத்திரை போட்ட வட்டுகள். அதில் பாதி நாலாவதின் கையால் எடை போட்டவை. ஒவ்வொன்றையும் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

பழகிப் பார்க்க ஒரு எறி கொடுத்தார்கள். குச்சி சுற்றி விட்டாள். வட்டு அவள் நினைத்த நேரத்துக்கு முன்பே விரலை விட்டு நழுவிப் பக்கவாட்டு வலையில் போய் அடித்தது. வலைக்கு அந்தப்புறம் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். ஒரு பெண், "ஆளைக் கொல்ல வந்திருக்கியா, வேலைக்கு வந்திருக்கியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

குச்சி ஓட்டமாக அக்காவிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, இந்த வட்டு ஒண்ணுமே கனக்கலையே. காத்து மாதிரி இருக்கு. கையில நிக்கவே மாட்டேங்குது. வட்டுல ஏதாவது தப்பு இருக்குமோ? நீதானே இதெல்லாம் பாக்குறவ. சொல்லு."

வலைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலாவது நின்றாள். ஒரே ஒரு வார்த்தை. இதுதான் சரியான கனம், இதுவரைக்கும் நீ எறிஞ்சதுதான் தப்பு. அவ்வளவு சொன்னால் போதும். குச்சி மெதுவாகச் சுற்றுவாள், விடும் நேரத்தைச் சரிசெய்துகொள்வாள். அதற்கு வேண்டிய மூளை அவளுக்கு உண்டு.

"வட்டுல ஒண்ணும் தப்பில்ல. பயம் வந்தா அப்படித்தான் இருக்கும். எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. பழக்கமா எப்படி எறிவியோ அப்படியே எறி. பலமா எறி."

குச்சி தலையாட்டினாள். அக்கா சொன்னால் சரிதான்.

ஆளுக்கு மூன்று எறி. முதல் எறி வலையில் அடித்தது. இரண்டாவது எறி வலைக்கு வெளியே போனது, ஆனால் பக்கவாட்டு எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம். சிவப்புக் கொடி, கணக்கில்லை. நாலாவது ஒரு மூச்சு விட்டாள். முடிந்தது, இனி பயமில்லை என்று நினைத்தாள். நினைத்ததும் பசித்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

மூன்றாவது எறிக்குக் குச்சி வட்டத்துக்குள் போனாள். தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றாள். வட்டை இரண்டு கையாலும், குளிப்பாட்டிய பிள்ளையைத் துணியில் ஏந்துகிற மாதிரி ஏந்தி, கனத்தைப் பார்த்தாள். யாரும் சொல்லித் தராமலே அவள் உடம்பு எதையோ கண்டுபிடித்துவிட்டது. மெதுவாக ஆரம்பித்தாள். அரைச் சுற்று, முழுச் சுற்று, கடைசியில் இடுப்பு சொடுக்கியது.

வட்டு போனது. ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. தூறலைக் கிழித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல், தரைக்கு வர மனசில்லாததைப் போலப் போனது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். தூரத்தில் வட்டு விழுகிற இடத்தைக் குறிக்க நின்ற வழுக்கைத்தலை ஆள் அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நடந்தார், அப்புறம் திரும்பி ஓடினார்.

குச்சி அதைப் பார்க்கவில்லை. எறிந்தாள், திரும்பினாள். கால் தானாக நடந்தது. வட்டு இன்னும் காற்றில் இருக்கும்போதே பின்பக்கமாக வட்டத்தை விட்டு வெளியே வந்து நின்றாள்.

"ஓ" என்று சத்தம் எழுந்தது.

வட்டத்தின் பக்கத்தில் இருந்த நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். அவருக்கே கை கூசியிருக்க வேண்டும், பாதி தூக்கிக் கொஞ்சம் நிறுத்தி மீதியைத் தூக்கினார். "வட்டு விழுறதுக்கு முன்னாடி வெளிய வந்துட்டம்மா. கணக்கில்ல."

"நான்... நான் எப்பவும் இப்படித்தான் சார்" என்றாள் குச்சி.

"எப்பவும்னா? விழுற வரைக்கும் நிக்கணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

குச்சி திரும்பி அக்காவைப் பார்த்தாள். "சொல்லித் தந்தாங்க சார். நான்தான் மறந்துட்டேன்."

"அளந்தாவது பாக்குறீங்களா சார்? சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று மறுபடி அவளே கேட்டாள்.

"கணக்கில்லாததை அளக்க மாட்டோம்மா. அடுத்த ஆள் வா."

அதற்குள் அந்த வழுக்கைத்தலை ஆள் வட்டை எடுத்துத் துடைத்து அனுப்பிவிட்டார். ஈரமண்ணில் அது குத்திய பள்ளம் மட்டும் இருந்தது. குச்சி பெஞ்சியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் நாலாவது சுற்றிக்கொண்டு அங்கே போனாள். அன்றைக்கு முதலாவதாக வந்தவளின் கொடி எங்கே நடப்பட்டிருந்தது என்று பார்த்தாள். பள்ளம் அதையும் தாண்டியிருந்தது, நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்புக்காலால் பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு வந்தாள்.

வீட்டில் அம்மா பேசின பேச்சை எழுத முடியாது. "வட்டத்துக்குள்ள நிக்கக்கூடத் தெரியாதவளுக்குச் சோறு எதுக்கு?" என்பதுதான் அதில் மரியாதையான பகுதி. நாலாவது குறுக்கே வந்து நின்றாள். "விடும்மா, அவளே நொந்துபோயிருக்கா."

"அப்ப உன் பட்டறையிலயாவது சேத்துவிடு."

பட்டறையில் சேர்ந்தால் தினமும் சரியான எடை வட்டைத் தூக்குவாள். நாலாவது யோசிக்கவே இல்லை. "வேணாம்மா. அங்க வட்டைப் பாக்கப் பாக்க அவளுக்கு மனசு கஷ்டமா இருக்கும். துணி வெளுக்கவே போகட்டும்."

"தங்கச்சி மேல உனக்கு இருக்கிற பாசம் எனக்குக்கூட இல்லடி" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை நாலாவது அந்தப் பழைய வட்டைப் பட்டறைக்கு எடுத்துப்போய்த் தகட்டைக் கழற்றினாள். பிசினைச் சுரண்டி ஈயத்தை எடுத்து மேஜைமேல் போட்டாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன நாலாவது, வட்டுக்குள்ள குடித்தனமே நடத்தியிருக்க?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். ஈயத்தை அள்ளித் தராசில் போட்டார். முள் ஏறியது. சிரிப்பு போய்விட்டது. குச்சியின் கதை அவர் காதுக்கும் வந்திருந்தது. அவளைப் பார்த்தார், ஈயத்தைப் பார்த்தார்.

"இதையா அந்தப் புள்ள எறிஞ்சுது?"

அவள் கழற்றிய தகட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வயசு எவ்வளவு அதுக்கு?"

"பத்தொன்பது நடக்குது."

"வயசு வரம்பு தாண்டுறதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை போகலாம். வீட்டுக்குப் போய்ச் சொல்லிடு. மத்ததைச் சொல்லவேணாம். எவ்வளவு தூரம் போச்சுங்கறத மட்டும் சொல்லு, போதும். அது பொழச்சுக்கும்." அவர் குரல் இவ்வளவு தாழ்ந்து அவள் கேட்டதில்லை. "சொல்லுவியா?"

"சொல்லுறேன்."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா இல்லை. குச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து, முதல் நாள் வேலை முடிந்து வந்த கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். விரல் நுனி ஏற்கனவே சிவந்து வெடித்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அங்க வேலை செய்யுற ஒரு அம்மா, அடுத்த வருஷமும் ஆள் எடுப்பாங்கன்னு சொன்னாங்க. இன்னொரு தடவை போய்ப் பாக்கட்டுமா?"

நாலாவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு என்ன தோணுதுன்னா," என்று குச்சி எண்ணெய்க் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "கடைசியா எறிஞ்சேன்ல, அது கையை விட்டுப் போகும்போது என்னமோ மாதிரி இருந்துச்சு. நல்லாப் போன மாதிரி. எல்லாரும் ஓன்னு கத்துனாங்களே. நான் பாக்கலை. நீ பாத்தியே. தூரமாவா போச்சு?"

கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண்ணில் பிள்ளை மாதிரி ஒரு ஆசை. ஆமாம் என்று சொன்னால் இன்றைக்கே எழுந்து பொட்டலுக்கு ஓடிவிடும் ஆசை.

நாலாவது அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மீதி எண்ணெயைத் தானே தேய்த்துவிட்டாள். ஒவ்வொரு விரலாக, வலிக்காமல்.

"நீ வட்டத்தை விட்டு வெளிய வந்துட்டேல்ல, அதுக்குத்தான்டி கத்துனாங்க. வட்டு வழக்கமான இடத்துலதான் விழுந்துச்சு."

கீழே டயர் கடையில் யாரோ காற்றடிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"நல்லவேளை, உன்கிட்ட கேட்டேன்" என்றாள் குச்சி. "இல்லன்னா பைத்தியக்காரி மாதிரி மறுபடி போய் நின்னுருப்பேன்."

அக்கா தேய்த்து முடித்த கையை இழுத்துக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய துணியை எடுத்துவைக்கக் குச்சி எழுந்து போனாள்.